பாலக்காட்டில் புரட்டாசி முதல் கார்த்திகை வரை: கொலு, தேர், கூர்க்கங்கிழங்கு – முழுமையான வழிகாட்டி

கேரளா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓணம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சபரிமலை. இரண்டுக்கும் நடுவில் புரட்டாசியும் ஐப்பசியும் சத்தமில்லாமல் கிடக்கின்றன. பாலக்காட்டைப் பொறுத்தவரை ஆண்டிலேயே நல்ல காலம் அதுதான். அறுவடை, கொலு, கச்சேரி, தேர், அப்புறம் கார்த்திகையில் ஐயப்பன் விளக்கு என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும்.

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தயங்க வேண்டாம். 1956 வரை இது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். கல்பாத்தி அக்ரகாரத்தில் ஒரு தமிழ், புதுநகரம் ராவுத்தர் வீடுகளில் ஒரு தமிழ், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அசல் கொங்குத் தமிழ் என்று அரை மணி நேரப் பயணத்துக்குள் மூன்று விதமாகக் கேட்கலாம். கடையில் மலையாளத்தில் ஆரம்பித்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் இங்கே நடப்பது எதுவும் சுற்றுலாவுக்காக நடப்பதில்லை. தேர் ஓடும் தெருவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கொலு வைத்திருப்பது யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில். அதனால் "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தால் ஊர் பிடிபடாது. விருந்தாளியாக வந்தால் பிடிபடும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கில் எழுதியது.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

மலையாள மாதங்கள் நம் மாதங்களோடு ஏறத்தாழ ஒட்டியே போகும். கன்னி என்றால் புரட்டாசி, துலாம் என்றால் ஐப்பசி, விருச்சிகம் என்றால் கார்த்திகை. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். கடையில் ஒரு மலையாளக் காலண்டர் வாங்கி மாட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நவராத்திரியும் தீபாவளியும் திதியை வைத்து வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். கல்பாத்தித் தேர் அப்படி இல்லை. துலா மாதத்தின் கடைசி மூன்று நாட்கள்தான் தேர் நாட்கள். எனவே ஆங்கிலத் தேதியில் நவம்பர் 13 முதல் 16-க்குள் அடங்கிவிடும். 2024-ல் பாலக்காட்டுச் சட்டமன்ற இடைத்தேர்தல் நவம்பர் 13-ம் தேதி என்று முதலில் அறிவித்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தேர். வாக்குப்பதிவை நவம்பர் 20-க்குத் தள்ளி வைத்தார்கள். தேர் தன் தேதியில் ஓடியது.

மூன்று மாதத்தையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க்காரர்கள் தனித்தனியாக வருவது நல்லது: நவராத்திரிக்கு ஒரு மாலை, தேருக்கு இரண்டு நாள், சாப்பாட்டுக்காக ஒரு காலை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் தேருக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மழையும் வண்டியும்

ஐப்பசியில் இங்கே பெய்வது துலாவர்ஷம், நம் வடகிழக்குப் பருவமழைதான். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கிழக்கே கறுக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்க்கும், இரவு வெளுத்துவிடும். எல்லா நாளும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனாலும் திட்டத்தை இதற்கேற்பப் போட்டால் தப்பிக்கலாம்: வயல், கோட்டை, ஆறு எல்லாம் காலையில், நடுப்பகலில் சாப்பாடு, மாலையில் கூரை இருக்கும் இடம். இடி இடிக்கும்போது வயல் வரப்பில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். துலாமாத இடி விளையாட்டுக் காரியமில்லை.

கார்த்திகை நெருங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வரத் தொடங்கும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கும் இடைவெளி அது. உதடு வெடிக்கும்; தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்கட்டும்.

கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். உக்கடத்திலிருந்து பஸ், கோவை சந்திப்பிலிருந்து ரயில், இரண்டும் நிறைய. ரயிலே மேல், வாளையாறு வழியில் பண்டிகை நாட்களில் வண்டிகள் நகராது. இறங்க வேண்டியது பாலக்காடு சந்திப்பு. பழையவர்கள் இன்னும் ஒலவக்கோடு என்றே சொல்வார்கள். அங்கிருந்து கல்பாத்தி மூன்று கிலோமீட்டருக்குள், நடக்கவே நடக்கலாம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, புதுநகரம் வழியாக வரும் ரயில் பாதை அழகானது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்து வாருங்கள்.

தேர் நாட்களில் தங்க விரும்புகிறவர்கள் ஒலவக்கோட்டிலோ ஊர் நடுவில் ஸ்டேடியம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ அக்டோபரிலேயே அறை எடுத்துவிட வேண்டும். கல்பாத்தி வீடுகளுக்கு உலகம் முழுக்க இருக்கும் பிள்ளைகளும் பேரன்களும் வந்திறங்குவதால், தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அவர்களே கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள்.

நவராத்திரி: கொலு பார்க்கப் போவது எப்படி

புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம், சற்றுத் தள்ளி நூறணி. இந்த அக்ரகாரங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தாலே போதும். திறந்த வாசல், உள்ளே விளக்கு, படிப்படியாகப் பொம்மைகள் என்று தெரியும். அழைப்பில்லாமல் போகலாமா என்று கேட்பார்கள். வாசலில் நின்று, "மாமி, கொலு பாத்துக்கலாமா?" என்று கேளுங்கள். "அதுக்கென்ன, உள்ள வாங்கோ" என்ற பதில் அநேகமாக வரும். வராவிட்டால் அவர்கள் வீட்டில் வேறு வேலை இருக்கிறது, அடுத்த வாசலுக்குப் போங்கள்.

செருப்பைத் திண்ணைக்குக் கீழே விடுங்கள். கையில் கொஞ்சம் பூவோ பழமோ இருந்தால் அழகு. குழந்தைகள் பொம்மையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல பொம்மைகள் மூன்று தலைமுறைச் சொத்து. கேட்காமல் செல்போனை நீட்டாதீர்கள். யாராவது "ஒரு பாட்டு பாடுங்கோளேன்" என்றால் பாடத் தெரியாது என்று சொல்லிக் கூனிக்குறுக வேண்டியதில்லை, தெரிந்த ஒரு சுலோகம் போதும். பாடாமல் தப்பித்தாலும் சுண்டல் கிடைக்கும்.

சுண்டல் நம்முடையதுதான். தாளிப்பில் தேங்காய் எண்ணெயும் மேலே தாராளமாகத் தேங்காய்த் துருவலும் விழும், அதில்தான் வாசனை மாறுகிறது. வெள்ளிக்கிழமை போனால் சில வீடுகளில் வெல்லப் புட்டு இருக்கும். அந்த ஒரு கிழமையை முடிந்தால் தவறவிடாதீர்கள்.

தமிழ்நாட்டு நவராத்திரியிலிருந்து இங்கே வேறுபடும் இடம் கடைசி மூன்று நாள். துர்காஷ்டமி மாலையில் பூஜைவைப்பு. புத்தகம், கணக்கு நோட்டு, தொழில் கருவிகள் எல்லாம் பூஜையில் போய்விடும். விஜயதசமி காலை வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷமான விரதம் கிடையாது. விஜயதசமி அன்று வித்யாரம்பம்: தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து "ஹரிஸ்ரீ கணபதயே நமஹ" என்று எழுத வைப்பார்கள். உங்கள் வீட்டில் எழுத்து தொடங்க வேண்டிய வயதுக் குழந்தை இருந்தால் சித்தூர் போகலாம். பாலக்காட்டுக்குத் தென்கிழக்கே, சோகநாசினி ஆற்றங்கரையில், துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. மலையாள எழுத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் கவிஞர் அவர். அங்கே எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களும் வந்து வரிசையில் நிற்கும். தமிழில் "அ" எழுத வேண்டும் என்று கேட்டால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் குழந்தைகள் அழும்.

வயலும் அரிசியும்

பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம். முதல் போகம் அறுவடையாவது புரட்டாசி, ஐப்பசித் தொடக்கத்தில். நவராத்திரிக்கு வருகிறவர்கள் கதிர் பழுத்த வயலையும், தமிழ்நாட்டிலிருந்து வந்து நிற்கும் அறுவடை இயந்திரங்களையும் பார்ப்பார்கள். ஐப்பசி நடுவில் வயலில் தண்ணீரும் நாற்றும். தேருக்கு வரும்போது மறுபடி பச்சை. கொல்லங்கோடு பக்கம் நெல்லியாம்பதி மலை நேர் பின்னணியில் எழுந்து நிற்க, மழைக்குப் பிறகு அருவிக் கோடுகள் தெரியும். சமீப ஆண்டுகளில் போட்டோக்காரர்கள் கூட்டம் அதிகமாகி வரப்புகள் மிதிபடுகின்றன. பாதையில் நின்று பார்த்தாலே எல்லாம் தெரியும், நாற்றுக்குள் இறங்க வேண்டாம்.

இங்கிருந்து வாங்கிப் போக வேண்டிய முதல் பொருள் பாலக்காடன் மட்டை அரிசி. புவிசார் குறியீடு பெற்றது, சிவந்த தவிடு ஒட்டிய புழுங்கலரிசி. கடையில் "வடியா, உண்டையா?" என்று கேட்பார்கள். வடி நீளம், உண்டை குண்டு. முதல் முறை சாப்பிடுகிறவர்கள் வடி வாங்குங்கள், பொன்னிக்குப் பழகிய நாக்கு சீக்கிரம் சமாதானமாகும். நிறையத் தண்ணீரில் வேகவிட்டுக் கஞ்சி வடிக்க வேண்டும். குக்கரில் அளந்து வைத்துக் குழைத்துவிட்டு அரிசி சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வடித்த கஞ்சியில் உப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுக் குடியுங்கள்.

தீபாவளிக்குத் தனியாக வர வேண்டியதில்லை. மற்ற இடங்களில் அது ஒரு விடுமுறை நாள், அவ்வளவே. அக்ரகாரத்திலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும் மட்டும் விடியற்காலை எண்ணெய்க் குளியல், லேகியம், பட்டாசு என்று முழுத் தீபாவளி. உங்கள் வீட்டில் நடப்பதேதான் இங்கும் நடக்கும்.

தேருக்கு முன்னால் கச்சேரி

தேருக்கு இரண்டு நாள் முன்பே வாருங்கள் என்றேனே, காரணம் இதுதான். தேர் நாட்களுக்கு முந்தைய சில மாலைகளில் சாத்தபுரத்தில் சங்கீத உற்சவம் நடக்கும். அரசு சார்பில் நடப்பதால் டிக்கெட் கிடையாது. கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மண் கொடுத்தது கொஞ்சமா? கோட்டாயியை அடுத்த செம்பையிலிருந்து வைத்தியநாத பாகவதர், மஞ்சப்பறாவிலிருந்து எம்.டி. ராமநாதன், மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர், பாட்டில் கே.வி. நாராயணசுவாமி. அதனால் முன்வரிசையில் வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் தாத்தா கண்ணை மூடியிருந்தால் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். பாடகர் சங்கதியில் சறுக்கினால் முதலில் கண் திறப்பவர் அவர்தான்.

இளம் கலைஞர்கள் பாடும் முன்மாலை நிகழ்ச்சியையும் கேளுங்கள். கூட்டம் பெரிய பெயர்களுக்குத்தான் வரும், இடம் பிடிக்க அரை மணி முன்னால் போக வேண்டும். மழைக்குக் குடை அவசியம். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து டீ குடிக்கப் போகும் பழக்கத்தை மட்டும் இந்த ஊரில் வைத்துக்கொள்ளாதீர்கள். மணி ஐயர் ஊர் இது.

தேர்: மூன்று நாள், ஆறு தேர்

"காசியில் பாதி கல்பாத்தி" என்பது வழக்கு. கல்பாத்தி ஆற்றங்கரையில் விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி கோயில். தெருவிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டும், அதனால் குண்டுக்கோயில் என்றும் பெயர். லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, பாலக்காட்டு அரசரிடம் பொன் கொடுத்து, 1425-ல் பிரதிஷ்டை நடந்தது என்று தலபுராணம். படியிறங்கி, கோயிலைத் தாண்டி ஆற்றுப் படித்துறைக்குப் போனால் எதிரில் மரக்கூட்டம், பின்னால் மலை. தேர்க்கூட்டம் சேர்வதற்கு முந்தைய நாள் காலையில் இங்கே வாருங்கள். கோயிலை நிதானமாகப் பார்க்க அதுதான் நேரம்.

கேரளக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம், வேட்டி நல்லது. பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ சரி.

கொடியேற்றம் தேருக்கு ஒரு வாரம் முன்பே நடந்துவிடும். அன்று முதல் காலையில் வேத பாராயணம், இரவில் சுவாமி புறப்பாடு. உற்சவத்தில் சேரும் கோயில்கள் நான்கு: விசுவநாத சுவாமி, புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி.

முதல் நாள் காலை விசுவநாதருக்குத் திருக்கல்யாணம், பிறகு ரதாரோகணம், அதாவது சுவாமி தேரேறுவது. சிவன், கணபதி, சுப்பிரமணியர் என்று மூன்று தேர்கள் கிளம்பும். அன்று கூட்டம் ஓரளவுதான். வடம் தொட்டு இழுக்க ஆசை இருப்பவர்களுக்கும் வயதானவர்களை அழைத்து வருபவர்களுக்கும் இந்த நாளையே சொல்வேன். இரண்டாம் நாள் மந்தக்கரை கணபதி தேர் சேரும். மூன்றாம் நாள் பெருமாளும் சாத்தபுரம் கணபதியும். அன்று சாயங்காலம் எல்லாத் தேரும் தேர்முட்டியில் சந்திக்கும், தேவரத சங்கமம் என்பார்கள். டிவியில் காட்டுவது, பத்திரிகையில் வருவது எல்லாம் அந்த அரை மணி நேரம். நான்கு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நுழையவே முடியாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் மூன்று மணிக்கே போய், தேர்முட்டிக்கு நேர் எதிரே நிற்காமல், ஏதாவது ஒரு குறுக்குச் சந்தின் வாயில் நில்லுங்கள். வெளியேற வழி இருக்கும்.

மூன்றாம் நாளைவிட முதல் நாள் மேல் என்பது என் கட்சி. சங்கமம் ஒரு காட்சி. முதல் நாள் அந்தத் தெருக்காரர்களின் விசேஷம். வாசலில் பெரிய கோலம், தேர் வீட்டு முன்னால் வந்து நிற்கும்போது தட்டில் தேங்காய் பழத்தோடு நிற்கும் பாட்டிகள், அமெரிக்காவிலிருந்து வந்து வேட்டி நழுவ நழுவ வடம் இழுக்கும் பேரன்கள் எல்லாம் அன்றைக்குத்தான் பக்கத்தில் தெரியும்.

வடம் இழுப்பவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். வடத்தின் முன்பாதியைப் பிடியுங்கள், சக்கரத்துக்கு அருகே போகாதீர்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கத்தினால் உடனே விட்டுவிட வேண்டும், அவர்கள் வார்த்தைதான் அங்கே சட்டம். தேரின் பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளுவது இங்கத்திய பழைய வழக்கம். யானை இருந்தால் அதற்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிற்காதீர்கள், பாகனிடம் கேட்காமல் பழம் நீட்டாதீர்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொள்ளலாம். அதன் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போட்டுவிடுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் அநேகமாகப் படுத்துவிடும், அதனால் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தேர்முட்டி வேண்டாம், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

திருவிழாக் கடைகள் தெரு நெடுகப் போடப்படும். வளையல், பாத்திரம், பலூன், பொரி, அல்வா, பஜ்ஜி. பேரம் உண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் பேரம் இன்னும் நன்றாகப் படியும். திண்ணையில் உட்காரலாமா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். சாப்பிட்ட இலையையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கேயே விட்டுப் போகிறவர்களால்தான் சில வீடுகளில் இப்போது கயிறு கட்டிவிடுகிறார்கள்.

என்ன சாப்பிடலாம்

காலைக்கு ராமசேரி. பாலக்காட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், எலப்புள்ளியை ஒட்டிய சிற்றூர். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் இன்றும் இட்லி சுடுகின்றன. மண்பானை வாயில் நூல் பின்னிய வலை, அதன்மேல் துணி, அதன்மேல் மாவு, கீழே விறகு அடுப்பு. இட்லி தட்டையாக, சின்ன தோசை அளவில், பஞ்சுபோல வரும். சட்னியைவிடப் பொடிதான் அதற்குப் பொருத்தம். பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கேளுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. விறகடுப்பு நம் அவசரத்துக்கு எரியாது, காத்திருக்க மனசோடு போங்கள்.

மதியத்துக்கு இரண்டு வழி. அசைவம் என்றால் புதுநகரம், பாலக்காடு ஊருக்குள் ராவுத்தர் பிரியாணி. கோழிக்கோட்டுப் பிரியாணியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். இது திண்டுக்கல்லுக்கு நெருங்கிய சொந்தம். சைவம் என்றால் அக்ரகாரச் சாப்பாடு. உற்சவ நாட்களில் சமையல் கான்ட்ராக்டர்கள் தெருவிலேயே சாப்பாடு போடுவதுண்டு. அதில் தேட வேண்டியது மொளகூட்டல். பருப்பும் காயும் வெந்த கூட்டில் தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய் அரைத்துவிட்டு, கடுகும் உளுந்தும் தாளித்திருக்கும். புளி கிடையாது. அதனால் பக்கத்தில் புளி இஞ்சியோ தயிரில் கரைத்த அரைச்சுக்கலக்கியோ கட்டாயம். மொளகூட்டலை மட்டும் வாயில் வைத்துவிட்டு "சப்பென்று இருக்கிறதே" என்பவர்கள் பாதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பருவத்துக்கே உரியது கூர்க்கங்கிழங்கு. நெல்லை, நாகர்கோவில் பக்கம் சிறுகிழங்கு என்பதுதான். நவம்பரில் மார்க்கெட்டுக்கு வரத் தொடங்கி மார்கழி, தை வரை இருக்கும். மண் வாசனை போகாத கிழங்கு, தோல் உரிப்பதுதான் தொல்லை. அதற்கு ஊரில் ஒரு வழி உண்டு: தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டி, துணி துவைக்கும் கல்லில் உருட்டித் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் கழன்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம். உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, தேங்காய் எண்ணெயில் இடித்த சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் வதக்கி, அதில் கிழங்கைப் போட்டுச் சிறுதீயில் ஓரம் சிவக்கும்வரை புரட்டவும். மெழுக்குப்புரட்டி தயார். அக்ரகாரத்தில் வெங்காயம் இல்லாமல் மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டும் போடுவார்கள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மட்டை அரிசிச் சோற்றுக்கு வெங்காயம் போட்டதே என் ஓட்டு.

கட்டிக்கொண்டு போக: நேந்திரங்காய் வறுவல் (எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்), சர்க்கரை உப்பேரி (வெல்லப் பாகில் புரட்டிய நேந்திரங்காய்), கல்பாத்தி அப்பளம், கொண்டாட்டம். கொண்டாட்டம் என்பது நம் வத்தல்தான். சுண்டைக்காய், பாகற்காய், தயிர் மிளகாய் என்று பலவகை. மழைக்காலத்தில் வாங்கினால் வீட்டுக்குப் போனதும் ஒரு வெயில் காட்டி எடுத்து வையுங்கள்.

நேரம் மிஞ்சினால் கோட்டைக்குப் போகலாம். 1766-ல் ஹைதர் அலி கட்டியது, ஊரார் சொல்வது திப்பு கோட்டை. உள்ளே சுற்ற அரை மணி போதும், ஆனால் அகழியைச் சுற்றிய நடைபாதை மழையில்லாத மாலையில் நன்றாக இருக்கும். பக்கத்தில் ராப்பாடி திறந்தவெளி அரங்கில் ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். நவம்பர் 1 கேரளப் பிறவி நாள். அந்த வாரம் நாடகம், பாட்டு என்று எங்காவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

கார்த்திகை: விளக்கும் பந்தியும்

தேர் முடிந்த கையோடு விருச்சிகம் பிறந்து மண்டல காலம் தொடங்கிவிடும். வெளியூர்க்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஊர் தனக்கென்று கொண்டாடும் நாட்கள் இவை. கிராமம் கிராமமாக ஐயப்பன் விளக்கு நடக்கும். வாழைத்தண்டாலும் குருத்தோலையாலும் ஒரே நாளில் தற்காலிகக் கோயில் கட்டி, இரவு முழுக்க உடுக்கையும் ஐயப்பன் பாட்டுமாகப் போய் விடியலில் முடியும். அந்த வாழைத்தண்டுக் கோயிலைக் கட்டுவதையே மதியம் போய்ப் பார்க்கலாம். ஒரு ஆணி இல்லாமல் தூணும் வளைவும் எழும்பும். அக்ரகாரங்களில் கார்த்திகை, மார்கழியில் சாஸ்தா ப்ரீதி: பூஜை, சாஸ்தா வரவுப் பாட்டு, பிறகு ஊருக்கே சாப்பாடு. நூறணி சாஸ்தா கோயில் இதில் பெயர்பெற்றது. தேதியைச் சுவரொட்டியிலோ கோயில் வாசல் பலகையிலோ பார்த்துக்கொள்ளலாம், பூக்கடைக்காரரிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

பந்திக்கு அழைத்தால் கூச்சப்படாமல் உட்காருங்கள். "வந்தவாளுக்கெல்லாம் உண்டு" என்பதுதான் அங்கே பேச்சு. அன்னதானத்துக்கென்று ஒரு தொகையை அலுவலக மேஜையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது மரியாதை, கட்டாயமில்லை. இலையில் எல்லாம் விழுந்து முடியும்வரை கை வைக்காதீர்கள். பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார், ரசம், நடுவில் பிரதமன் என்ற பாயசம், கடைசியில் மோர் என்று போகும். ஆனால் தெருவுக்குத் தெரு வரிசை மாறும், பக்கத்து இலையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பிரதமன் இரண்டாம் தடவை வரும், முதல் தடவையிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்து இடம் விடுங்கள். அடுத்த பந்திக்காரர்கள் ஏற்கெனவே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.